சாவியை வாங்கியவருக்குச் சம்பளம் தருவது யார்?

திருவனந்தபுரத்தில் தங்கிச் சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் எங்கள் குளத்துப்புழைத் தம்பி ஒருவர் மூன்று கேள்விகள் எழுதி அனுப்பியிருக்கிறார். போர் முடிந்த ஒரு நாட்டில் அன்னியப் படை பாதுகாப்புப் பொறுப்பை உள்ளூர் அரசிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பும்போது, பெரும் பணம் செலவழித்துப் பயிற்சி கொடுத்த உள்ளூர்ப் படை ஏன் சில மாதங்களில், சில இடங்களில் சில நாட்களிலேயே, கலைந்துவிடுகிறது என்பது முதல் கேள்வி. அந்த அன்னியப் படை இன்னும் சில ஆண்டுகள் இருந்திருந்தால் நிலைமை மாறியிருக்குமா என்பது இரண்டாவது. வவுனியாவில் தங்கிவிட்ட தம் தங்கை சொல்லக் கேட்டு, "இந்தியன் ஆமி போனதும் எல்லாம் போச்சு" என்று பாட்டி அடிக்கடி சொல்வதை எப்படிப் புரிந்துகொள்வது என்பது மூன்றாவது.

இந்தக் கேள்வி எங்கள் ஊரிலிருந்து வருவது இயல்புதான். 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக, மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து 1976-இல் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு மறுவாழ்வுத் தோட்ட நிறுவனத்தை அமைத்தன. அதன் குளத்துப்புழை, ஆயிரநல்லூர் ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டுக்கு வந்த குடும்பங்களில் என் குடும்பமும் ஒன்று. கடலுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்ட உறவுகளின் கடிதங்களைப் படித்துக் காட்டும் பொறுப்பு சிறுவயதிலேயே எனக்கு வந்தது. பிறகு அரசியல் விஞ்ஞானம் படித்து, முப்பது ஆண்டுகள் அதையே கற்பித்து ஓய்வுபெற்றேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

என் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பை ஒப்படைப்பது ஓர் இராணுவக் காரியமாகத் திட்டமிடப்படுகிறது; எத்தனை பட்டாலியன், எத்தனை வண்டி, எந்தத் தேதிக்குள் எந்த முகாம் என்று பட்டியல் தயாராகிறது. ஆனால் பல ஆண்டுகள் ஒரு நாட்டில் தங்கிவிட்ட அன்னியப் படை, துப்பாக்கி பிடிப்பதைத் தவிர, யாரும் பெயர் வைத்து ஒப்படைக்காத வேறு பல வேலைகளையும் செய்துகொண்டிருக்கும். சம்பளம் அது கொடுக்கும், அல்லது அது கொடுக்கும் பணத்திலிருந்து போகும். ஒருவரை ஒருவர் நம்பாத கட்சிகளுக்கு இடையில் அது நடுவராக நிற்கும். அரிசி, டீசல், மருந்து, உதிரிபாகம் எல்லாம் அதன் வண்டியில் வரும். கொடுத்த வாக்கை அரசு காப்பாற்றுகிறதா என்று பார்க்கும் கண்ணும் அதுவே. கிளம்பும் நாளில் முகாமின் சாவி கைமாறுகிறது. இந்த வேலைகள் ஆளில்லாமல் நிற்கின்றன. கலைந்துபோவது பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர் இருக்கிறார். ஆரியங்காவில் பிறந்தவர், தமிழும் மலையாளமும் தெரிந்தவர். அதனால் 1989, 1990-இல் திருகோணமலைப் பக்கத்தில், இலங்கைக்கு இந்தியா அனுப்பிய அமைதிப்படையில் இருந்தபோது மொழிபெயர்க்கவும் அவரையே அழைப்பார்களாம். அவருடைய பிரிவு ஒரு காவலரணை விட்டுக் கிளம்பிய நாளைப் பற்றி அவர் சொன்னது எனக்கு எந்தப் பாடநூலையும் விட அதிகம் கற்றுக் கொடுத்தது. மணல்மூட்டை இத்தனை, முள்கம்பிச் சுருள் இத்தனை, தண்ணீர் டிரம் இரண்டு, பெட்ரோமாக்ஸ் ஒன்று என்று நோட்டில் எழுதி, பெற்றுக்கொண்டதாக ஒரு பையனிடம் கையெழுத்து வாங்கினார்கள். இலங்கையின் வடகிழக்கு மாகாண சபைக்காகத் திரட்டப்பட்டு, மக்கள் 'தமிழ்த் தேசிய இராணுவம்' என்று அழைத்த தொண்டர் படையைச் சேர்ந்தவன் அவன். சட்டை தோளிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. காலில் பூட்ஸ் இல்லை, ரப்பர் செருப்பு. கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் கேட்டது ஒன்றுதான்: "அண்ணை, இனி எங்களுக்குச் சம்பளம் ஆர் தருவினம்?" அந்த நோட்டில் அதற்கு ஒரு வரி இருக்கவில்லை என்றார் அவர். பையன் பிறகு என்ன ஆனான் என்பது அவருக்குத் தெரியாது.

அந்தப் பையன் கேட்ட கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு ஈராக்கைப் பாருங்கள். 2003 மே மாதத்தில், அமெரிக்கரான பால் பிரெமர் தலைமையிலான ஆக்கிரமிப்பு நிர்வாகம் இரண்டு உத்தரவுகள் போட்டது. சதாம் உசேனின் பாத் கட்சியின் மேல்நிலை உறுப்பினர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கியது ஒன்று; ஈராக்கிய இராணுவத்தையே கலைத்தது மற்றொன்று. ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கான ஆண்கள் ஒரே மாதத்தில் வருமானமும் மரியாதையும் இல்லாமல் வீட்டில் உட்கார வைக்கப்பட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளின் இரத்தத்துக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். பெரிய காரணங்களில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை. பின்னர் அமெரிக்கப் படை இதே பாடத்தைத் தலைகீழாகப் படித்தது. அன்பார் போன்ற சுன்னிப் பகுதிகளில், முன்பு தன்னை எதிர்த்துச் சுட்டவர்களுக்கே மாதம் ஏறத்தாழ 300 டாலர் கொடுத்து, அல்கொய்தாவுக்கு எதிராக ஊர்க்காவலில் நிறுத்தியது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் அப்படிச் சேர்ந்தார்கள், வன்முறையும் குறைந்தது.

2008 அக்டோபரிலிருந்து அந்த ஒரு லட்சம் பேரின் சம்பளப் பட்டியல் பாக்தாத் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்களில் ஐந்தில் ஒரு பங்கினரை இராணுவத்திலும் காவல்துறையிலும் சேர்ப்பதாகவும், மற்றவர்களுக்கு வேறு வேலை தருவதாகவும் அரசு வாக்களித்தது. ஆனால் ஷியாக் கட்சிகளின் தலைமையிலிருந்த அந்த அரசின் கண்ணுக்கு, இந்தப் பட்டியல் நேற்றுவரை எதிரியாக இருந்தவர்களின் பெயர் வரிசையாகவே தெரிந்தது. சம்பளம் தாமதமானது, வேலை நியமனம் இழுத்துக்கொண்டே போனது, சிலர் கைது செய்யப்பட்டார்கள். பட்டியலை வாங்கிக்கொண்டவருக்கு அதில் உள்ளவர்கள்மேல் நம்பிக்கை இல்லையென்றால், அதை ஒப்படைப்பதும் காட்டிக் கொடுப்பதும் ஒன்றாகிவிடுகின்றன. 2014-இல் ஐஎஸ் அமைப்பு அதே சுன்னிப் பகுதிகளுக்குள் நுழைந்தபோது, அரசுக்காக மீண்டும் ஒருமுறை துப்பாக்கி தூக்கப் பலருக்கு மனம் வரவில்லை.

2014 ஜூன் 10 அன்று மோசூல் நகரம் வீழ்ந்தது. தாக்கியவர்களைப் போலப் பல மடங்கு எண்ணிக்கையில் அங்கே இராணுவமும் போலீசும் இருந்ததாகக் காகிதம் சொன்னது. அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் புதிய பிரதமர் ஹைதர் அல்-அபாதி நாடாளுமன்றத்தில் எழுந்து, சம்பளப் பட்டியலில் மட்டுமே உயிரோடிருந்த 50,000 சிப்பாய்களைக் கண்டுபிடித்திருப்பதாக அறிவித்தார். ஈராக்கியர்கள் இவர்களை 'விண்வெளிக்காரர்கள்' என்று அழைத்தார்கள். தரையில் எங்கும் கால் வைக்காதவர்கள் என்பதால். வேலைக்கு வராத சிப்பாயின் சம்பளத்தைத் தளபதி எடுத்துக்கொள்வான், அல்லது வந்து நிற்க விரும்பாதவன் பாதிச் சம்பளத்தைத் தளபதிக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பான். தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு இது புரியாத விஷயமல்ல; செக்ரோலில், அதாவது தோட்டத்து வருகைப் பதிவேட்டில், பெயர் இருப்பதும் மரத்தடியில் ஆள் இருப்பதும் வேறு வேறு என்று எங்கள் தாய்மார்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஆப்கானிஸ்தானில் இதைப் பற்றி ஓர் அருமையான சோதனை நடந்தது. 2009-இல் வர்தக் மாகாணத்தில், சில பத்துப் போலீஸ்காரர்களுக்கு மட்டும், தளபதி கைவழியாகப் பணமாகக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, கைபேசி வழியாகச் சம்பளத்தை நேரடியாக அனுப்பிப் பார்த்தார்கள். முதல் மாதம் பணம் வந்ததும் தங்களுக்குச் சம்பளம் உயர்த்தப்பட்டுவிட்டது என்றே அந்தப் போலீஸ்காரர்கள் நினைத்தார்கள். உயர்த்தப்படவில்லை, அதுவரை இடையில் உறிஞ்சப்பட்டு வந்தது அந்த மாதம் உறிஞ்சப்படவில்லை, அவ்வளவுதான். சிலர் தங்கள் முழுச் சம்பளம் எவ்வளவு என்பதையே அப்போதுதான் அறிந்தார்கள். ஆட்சிமுறை பற்றி நூறு பக்கம் எழுதினாலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. அந்தச் சிறிய சோதனையை நாடு முழுவதற்கும் கொண்டுபோயிருக்க வேண்டும்; தளபதிகள் விரும்பவில்லை, விரிவு மெதுவாகவும் அரைகுறையாகவும் நடந்தது.

பெரிய கணக்கும் இந்தச் சிறிய கணக்கைப் போலத்தான் இருந்தது. ஆப்கன் படைகளை உருவாக்க அமெரிக்கா மட்டுமே இருபது ஆண்டுகளில் 8,000 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. ஆனால் ஆப்கன் அரசின் மொத்தச் செலவில் நான்கில் மூன்று பங்கு வெளிநாட்டு உதவியாக வந்தது. தன் வரிப் பணத்தில் தாங்கவே முடியாத ஒரு படையை ஓர் ஏழை நாட்டின் தலையில் ஏற்றினார்கள். அந்தப் படைக்கு விமானங்களும் ஹெலிகாப்டர்களும் கொடுத்தார்கள். பழுதுபார்க்க வெளிநாட்டு ஒப்பந்த நிறுவனத்தார் இருந்தார்கள். 2021-இல் அவர்களும் கிளம்பியபோது, மலைக்கு நடுவே தனித்துக் கிடந்த காவல்நிலைகளுக்கு உணவும் தோட்டாவும் கொண்டுபோக வழியில்லாமல் போயிற்று. பல மாதம் சம்பளம் வராத, சில இடங்களில் சாப்பாடே சரியாக வராத சிப்பாயிடம், ஊர்ப் பெரியவர்கள் வழியாகத் தலிபான்கள் தூது அனுப்பினார்கள்: ஆயுதத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ, உயிர் பிழைக்கலாம். அவன் போனான். அவனைக் கோழை என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்த இருபது ஆண்டுகளில் செத்த ஆப்கன் சிப்பாய்களும் போலீஸ்காரர்களும் 60,000-க்கும் மேல். கோழைகள் இவ்வளவு பேர் சாக மாட்டார்கள். காபூல் வீழ்ந்த பிறகு, முன்னாள் நிதியமைச்சர் காலித் பயெண்டா, காகிதத்தில் 3 லட்சம் என்று காட்டப்பட்ட படையில் பெரும்பகுதி உண்மையில் இருக்கவே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

சம்பளத்தைப் பற்றியே இவ்வளவு எழுதிவிட்டேன். அதற்கு அடுத்த வாசலில் நிற்பது நீதிமன்றம். பாதுகாப்பை ஒப்படைப்பது என்றால் போலீசை ஒப்படைப்பது என்றே திட்டக்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். போலீஸ் பிடித்தவனை யார் விசாரிப்பது, எத்தனை நாளில், எந்தச் சட்டப்படி என்பதற்கு விடை இல்லாத ஊரில், பயிற்சி பெற்ற போலீஸ்காரன் வெறும் ஆயுதம் தாங்கிய ஆள்தான். ஆப்கன் கிராமங்களில் வரப்புத் தகராறும் தண்ணீர்த் தகராறும் தான் பெரிய வழக்குகள். அரசு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுத்து, லஞ்சம் கொடுத்தும் தீராத வழக்கை, தலிபான் நீதிபதிகள் சில நாட்களில் தீர்த்து, தீர்ப்பைச் செயல்படுத்தியும் காட்டினார்கள். அவர்களுடைய கொடுமைகளை வெறுத்தவர்களும் இந்த வழக்குகளுக்காக அவர்களிடம் போனார்கள். ஒரு மாவட்டத்தின் பாதுகாப்பை ஒப்படைத்துவிட்டோம் என்று காபூலில் விழா நடந்த நாளில், அந்த மாவட்டத்தின் வழக்குகள் ஏற்கெனவே வேறொருவர் கைக்குப் போயிருந்தன.

இங்கே நம் எல்லையிலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். போரும் இல்லை, அன்னியப் படையும் இல்லை, இரண்டு பக்கமும் ஒரே அரசியலமைப்பு; அப்படியிருந்தும் 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டையும் தென் திருவிதாங்கூரின் நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்குக் கைமாறியபோது எத்தனை இடர்கள். நிலத்தின் பழைய ஆதாரங்கள், அதாவது பத்திரங்கள், மலையாளத்தில் இருந்தன. திருவிதாங்கூர் வழக்கப்படியான உரிமை வகைகளைச் சென்னை வருவாய்த்துறை புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. என் மனைவி வீட்டார் செங்கோட்டைக்காரர்கள். ஒரு பாகப்பிரிவினைக்காக அவர்கள் தாத்தா காலத்து ஆதாரம் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது, அதைப் படிக்க அந்தப் பதிவு அலுவலகத்தில் ஆளில்லை. நான் அதைத் தென்மலை வழியாகப் புனலூருக்குக் கொண்டுபோய், வயதான ஓர் ஆதார எழுத்தரிடம் வரிக்கு வரி சொல்லச் சொல்லித் தமிழில் எழுதிக்கொண்டு திரும்பினேன். மஞ்சளேறிய அந்தத் தாளில் ஒரு புளியமரமும் கல்லுக்கயாலை என்னும் ஒரு கற்சுவரும் எல்லையாகக் குறிக்கப்பட்டிருந்தன. கைமாறி அரை நூற்றாண்டு கழிந்தபின் நடந்தது இது. அமைதிக் காலத்திலேயே ஒரு தாலுகாவின் பதிவேடுகள் கைமாறுவதற்கு இத்தனை காலம் பிடிக்கும் என்றால், பதிவேடு எரிந்து, எழுத்தர் ஓடிப்போய், நீதிபதி கொல்லப்பட்ட நாட்டில் ஒரு மாகாணத்தையே பதினெட்டு மாதத்தில் ஒப்படைத்துவிடலாம் என்று அட்டவணை போடுவதை என்னவென்று சொல்வது?

நடுவர் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈராக்கிலிருந்து கடைசி அமெரிக்கப் படையணி எல்லை தாண்டியது 2011 டிசம்பர் 18 அன்று. அடுத்த நாளே, நாட்டின் துணை அதிபரும் சுன்னித் தலைவருமான தாரிக் அல்-ஹாஷிமியைக் கைது செய்ய வாரண்டு வெளியிடப்பட்டது. குற்றச்சாட்டின் உண்மை பொய்யை நான் இங்கே தீர்க்க முடியாது. அந்தத் தேதியை மட்டும் பாருங்கள். ஒரே ஒரு நாள். அதற்கு முன்பே பிரதமர் நூரி அல்-மாலிகி உள்துறைக்கு முறைப்படி அமைச்சரை நியமிக்காமல் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். பாக்தாத் படைத் தலைமை, பாதுகாப்பு அமைச்சகத்தைத் தாண்டித் தம் அலுவலகத்துக்கே பதில் சொல்லும்படி செய்தார். அமெரிக்கர்கள் பயிற்சி கொடுத்தது ஒரு நாட்டின் இராணுவத்துக்கு என்று நினைத்தார்கள். கைக்கு வந்தபோது அது ஒரு பிரதமரின் இராணுவமாகிக்கொண்டிருந்தது. திறமையால் வந்த தளபதிகள் போய், விசுவாசத்தால் வந்தவர்கள் அமர்ந்தார்கள். மோசூலில் ஓடியவர்களில் தளபதிகள்தாம் முதலில் ஓடினார்கள் என்பது இந்த நியமனங்களின் விளைவு.

ஈராக்கின் தெற்கிலுள்ள பாஸ்ராவும் அப்படித்தான். 2007 டிசம்பரில் பிரிட்டிஷார் அந்த மாகாணத்தின் பொறுப்பை ஈராக் அரசிடம் ஒப்படைத்தபோது, உள்ளூர்ப் போலீசுக்குள் எந்த ஆயுதக் குழுவின் ஆட்கள் எத்தனை பேர் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. மூன்றே மாதத்தில், 2008 மார்ச்சில், ஈராக் அரசே தன் பெரிய நகரங்களில் ஒன்றின்மேல் படையெடுத்துத் தெருத் தெருவாக மீட்க வேண்டியிருந்தது.

தம்பியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இன்னும் சில ஆண்டுகள் இருந்திருந்தால்? இருபது ஆண்டுகள் இருந்த இடத்தில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டோம். மறுபுறம், 1971 டிசம்பரில் வங்கதேசத்தில் நுழைந்த இந்தியப் படை 1972 மார்ச்சிலேயே வெளியேறியது. முஜிபுர் ரஹ்மான் அதைக் கேட்டு வாங்கினார். அந்த நாட்டுக்குப் பிறகு வந்த துன்பங்கள் பல. ஆனாலும் மூன்று மாதத்தில் படை கிளம்பியதால் அரசு விழுந்துவிடவில்லை. டாக்காவில் அலுவலகங்கள் இருந்தன, அதிகாரிகள் இருந்தார்கள், தன் மக்கள் தேர்ந்தெடுத்த தலைமை இருந்தது. ஆகவே தங்கும் காலத்தின் நீளத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பது என் கருத்து. தங்கியிருக்கும் காலத்தில் உள்ளூர் அரசு தன் சொந்தக் காலில் என்ன பழகியது என்பதைப் பார்க்க வேண்டும். அன்னியப் படை எல்லாவற்றையும் செய்து கொடுத்தால், தங்கும் ஒவ்வோர் ஆண்டும் உள்ளூர் அரசு இன்னும் கொஞ்சம் பலவீனமாகிறது.

ஓரளவு சரியாக நடந்த ஓர் இடமும் உண்டு. அங்கேயும் ஒருமுறை தவறிய பிறகுதான் சரியாயிற்று. கிழக்குத் திமோர் ஐக்கிய நாடுகளின் நிர்வாகத்திலிருந்து 2002 மே 20 அன்று சுதந்திரம் பெற்றது. அவசரமாக உருவாக்கிய இராணுவமும் போலீசும் ஒன்றையொன்று பகைத்தன. 2006-இல், மேற்குப் பகுதிக்காரர்களுக்குப் பதவி உயர்வில் பாகுபாடு என்று புகார் செய்த ஏறத்தாழ 600 சிப்பாய்கள், அதாவது படையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். தலைநகர் திலியில் போலீசும் இராணுவமும் ஒருவரையொருவர் சுட்டார்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள், அன்னியப் படையை மீண்டும் வரவழைக்க நேர்ந்தது. இரண்டாம் முறை வேறு விதமாகச் செய்தார்கள். மாவட்டம் மாவட்டமாக, திமோர் அதிகாரிகளும் ஐநா அதிகாரிகளும் சேர்ந்து சோதித்த பிறகே போலீஸ் பொறுப்பைக் கொடுத்தார்கள். அந்த மாவட்டத்தின் பாதுகாப்புச் சூழலுக்கேற்ற திறன் இருக்கிறதா, போலீஸ்காரர்களில் பெரும்பான்மையோர் பின்னணி விசாரித்துச் சான்று பெற்றவர்களா, வண்டியும் வயர்லெசும் இருக்கின்றனவா, நிறுவனம் நிலையாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். 2009 மே மாதம் லௌத்தேம் மாவட்டத்தில் தொடங்கி 2011 மார்ச்சில் முடித்தார்கள். பொறுப்பு மாறிய பிறகும் ஐநா போலீசார் ஓரத்தில் நின்று கவனித்தார்கள். 2012 இறுதியில்தான் கிளம்பினார்கள். இதில் திமோருக்கு ஒரு வாய்ப்பும் கைகொடுத்தது. கடலடி எண்ணெயிலிருந்து வந்த வருமானத்தை 2005-இல் ஒரு நிதியமாக ஒதுக்கியிருந்தார்கள். அதனால் போலீசுக்கும் முன்னாள் போராளிகளுக்கும் தன் பணத்திலிருந்தே கொடுக்க அந்த அரசால் முடிந்தது. ரப்பர் செருப்புப் பையன் கேட்ட கேள்விக்கு அங்கே விடை இருந்தது.

இனி பாட்டியின் வாக்கியம். 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனவும் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, அமைதிப்படை போராளிகளிடமிருந்து ஆயுதத்தைப் பெற்றுக்கொண்டு மாகாண சபைக்கு வழி செய்யும் என்பதே திட்டம். அக்டோபரிலேயே புலிகளுக்கும் அதற்கும் போர் மூண்டது. அம்மாதம் 21 அன்று யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் மருத்துவர்களும் செவிலியரும் நோயாளிகளும் அந்தப் படையாலேயே கொல்லப்பட்டார்கள். பாதுகாக்க வந்தவர்கள் என்ற நம்பிக்கை அந்த மாதத்தோடு பெருமளவு போய்விட்டது. வந்த படையில் ஏறத்தாழ 1,200 பேரும் அந்த மண்ணில் உயிர் விட்டார்கள். 1988 நவம்பரில் மாகாண சபைத் தேர்தல் நடந்தபோது வடக்கில் போட்டியே இல்லை. வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார். அவர் கையில் வந்த சபைக்குச் சொந்த வருவாய் கிடையாது, கொழும்பு தந்தால் உண்டு. இலங்கை அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தத்தில் எழுதியிருந்த போலீஸ் அதிகாரம் வரவில்லை; இன்றுவரை வரவில்லை. போலீஸ் இல்லாத சபைக்குப் போலீஸ் போல ஒன்றைச் செய்ய, பள்ளிக்கும் டியூஷனுக்கும் போன பையன்களை வழியில் பிடித்துச் சேர்த்தார்கள். எந்தத் தாய் அந்தச் சபையைத் தன்னுடையது என்று நினைத்திருப்பாள்?

இதற்கிடையில் 1989-இல் அதிபர் பிரேமதாச ஒருபுறம் படையை வெளியேறச் சொன்னார், மறுபுறம் புலிகளோடு பேசினார், அவர்களுக்கு ஆயுதமும் கொடுத்தார். டெல்லியில் ஆட்சி மாறியது, வி.பி. சிங் அரசு சீக்கிரம் திரும்பவே விரும்பியது. ஒப்படைப்பில் மூன்று தரப்பு உண்டு என்றால், அந்த மூன்றில் ஒன்றுக்குக்கூட மாகாண சபை பிழைக்க வேண்டும் என்ற அக்கறை இருக்கவில்லை. படை ஒவ்வொரு பகுதியாக விலக விலக அந்தப் பையன்களின் முகாம்கள் விழுந்தன. 1990 மார்ச் தொடக்கத்தில் சபை ஈழப் பிரகடனம் ஒன்றை நிறைவேற்றியது. முதலமைச்சர் இந்தியாவுக்கு வந்துவிட்டார். 24 அன்று கடைசிக் கப்பல் திருகோணமலையிலிருந்து கிளம்பியது. பிடித்துச் சேர்க்கப்பட்டவர்களில் எத்தனையோ பேர் ஊர் திரும்பவில்லை. மூன்று மாதத்துக்குள், ஜூன் 11 அன்று, கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்கள் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டு அடுத்த போர் தொடங்கியது.

ஆகவே, "ஆமி போனதும் எல்லாம் போச்சு" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. போனது என்று சொல்லத்தக்க அரசு ஒன்று அங்கே அதற்கு முன்பே வேர்பிடிக்கவில்லை என்பது மறுபாதி. அதன் பிறகு வட மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பரில். நடுவில் இருபத்து மூன்று ஆண்டுகள்.

தம்பி, தேர்வுக்கு இவ்வளவு போதும். அதைத் தாண்டி உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வவுனியாவிலிருந்து பாட்டியின் தங்கை பேசும்போது, அந்த இருபத்து மூன்று ஆண்டுகளில் காணித் தகராறுக்கு எங்கே போனார்கள், பிறப்புச் சான்றிதழை யாரிடம் வாங்கினார்கள், களவு போனால் யாரிடம் முறையிட்டார்கள், ஆண்டுக்கு ஆண்டு அது எப்படி மாறியது என்று பொறுமையாகக் கேட்டு, அவர் சொல்லும் சொற்களிலேயே எழுதி வையுங்கள். எழுதியதும் எனக்கு ஒரு படி கொடுங்கள்.